கல்லெறிபவளின் இடது கால்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ எப்படி இருக்கிறாய், அத்தானின் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று எழுது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. தும்மினால் மட்டும் வெள்ளையாகத் தூள் பறக்கிறது. அது ப்ளாஸ்டர் தூசி, பயப்படாதே.

கடிதத்தை உன் மருந்துக்கடைக்கு அனுப்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் நீ என்னோடு பேசும்போதெல்லாம் அடுத்த அறையில் அம்மா பாத்திரங்களை இடிக்கிற சத்தம் கேட்கிறது. ஒவ்வொரு தட்டும் என்னைத் திட்டுகிறது. எழுதுவதுதான் எனக்கும் எளிது. பேச்சில் நான் எப்படி என்று உனக்குத் தெரியும்.

வேலை செய்யும் இடம் அருங்காட்சியகத்தின் பின்பக்கத்தில், லாரிகள் நிற்கும் முற்றத்தை ஒட்டிய நீண்ட கூடம். ஒரு அலமாரி முழுக்கக் கண்ணாடிக் கண்கள். இடது கண்களுக்கு ஒரு டப்பா, வலது கண்களுக்கு ஒரு டப்பா. காலையில் முதல் ஆளாக உள்ளே நுழைந்தால் எல்லாம் சேர்ந்து பார்க்கின்றன. ஜூலையில் திறக்கப்போகும் புதிய அரங்கத்துக்கு நாங்கள் உருவங்கள் செய்கிறோம். ஆதிமனிதர்களும் அவர்களைத் தின்ற மிருகங்களும்தான் அரங்கத்தின் பொருள். ஆமாம், தின்ற மிருகங்கள். நான் படித்த பாடப்புத்தகங்களில் நாம்தான் எப்போதும் ஈட்டியோடு துரத்திக்கொண்டிருப்போம். இங்கே ஒரு மண்டையோட்டுத் துண்டு இருக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். அதே குகையில் கிடைத்த வாள்பல் பூனையின் கீழ்த்தாடையை அதன்மேல் வைத்தால் இரண்டு பற்களும் அச்சாக உட்காருகின்றன. வைத்துக் காட்டினார்கள். பூட்டில் சாவி பொருந்துகிற மாதிரி.

மாப்பிள்ளைக்குப் பல் வைக்க இன்னும் ஒரு மாதமாகும். அவரைப் பற்றி அடுத்த கடிதத்தில்.

கேட்க வந்தது இதுதான். அம்மா என்னைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசினாளா? அவள் உடற்பயிற்சி ஆசிரியையாக முப்பது வருஷம் விசில் ஊதிய பள்ளிக்கூடத்திலேயே எனக்கு நிரந்தர வேலை. அதை விட்டுவிட்டு ஒப்பந்த வேலைக்கு, அதுவும் "எலும்புக் கடைக்கு", வந்ததை அவள் மன்னிக்க மாட்டாள் என்று தெரியும். ரயிலேறிய அன்று வாசல்வரைகூட வரவில்லை. அரங்கத் திறப்புக்கு அவள் வர வேண்டும். எனக்கு வேறொன்றும் வேண்டாம்.

உன் தங்கை


ஜனவரி 30

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

எல்லோரும் சுகம். அத்தானின் முதுகு பரவாயில்லை, ஆனால் காய்கறிப் பையைத் தூக்கச் சொன்னால் உடனே மோசமாகிவிடுகிறது. நீ முகக்கவசம் போட்டுக்கொண்டு வேலை செய். மருந்துக்கடைக்காரி சொல்கிறேன், கேள்.

உன்னால் இங்கே ஒரு பெரிய கலவரம். கடிதத்தைக் கடையிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும், கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தது என் தப்பு. சாப்பாட்டு மேஜையில் படித்துச் சிரித்தேன். உன் அத்தான் "என்ன, என்ன" என்று பிடுங்கி, சத்தமாக வாசித்தார்: "மாப்பிள்ளைக்குப் பல் வைக்க இன்னும் ஒரு மாதமாகும்." அம்மாவின் கரண்டி தட்டில் விழுந்தது. அதுவரை உன் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள், சுவரைப் பார்த்துக் கேட்டாள்:

"பல்லு கூடக் கெடையாதா அவனுக்கு?"

"யாருக்கும்மா?"

"நான் யாரையும் கேக்கல. பொதுவாச் சொன்னேன்."

அன்றைக்கு அவள் சாப்பிடவேயில்லை. யாரந்த மாப்பிள்ளை என்று தயவுசெய்து சீக்கிரம் எழுது. எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது.

உன்னைப் பற்றிப் பேசினாளா என்று கேட்டாய். இல்லை. காலையில் உடற்பயிற்சி செய்யும்போது குதிக்கிற சத்தம் மட்டும் அதிகமாகியிருக்கிறது. கீழ்வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து போனார்.

உன் அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும், முக்கியமாகக் கீழ்வீட்டுக்காரரின் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை ஒரு வாள்பல் பூனை. சிங்கத்தின் அளவு, மேல்வாயிலிருந்து கத்தி மாதிரி இரண்டு பற்கள். பெட்டியில் வந்திறங்கிய நாளிலிருந்து நல்ல இடம், நல்ல விளக்கு எல்லாம் அவருக்குத்தான். ஒரு வேலையும் செய்யாமல் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார், எல்லோரும் சுற்றி நின்று உபசாரம் செய்கிறோம். வெல்டர் அண்ணன் வைத்த பெயர் அது. இதை மேஜையில் சத்தமாகவே வாசித்துவிடு.

இங்கே எலும்புகளை ஆராய்கிற ஒரு அம்மாள் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் எலும்பம்மா. பல்லைப் பற்றி அவர் சொன்னது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அந்த வாள்பல் பார்க்கத்தான் பயங்கரம், எலும்பைக் கடித்தால் அதுவே முறிந்துவிடுமாம். கழுத்து, வயிறு என்று மெத்தென்ற இடமாகப் பார்த்துத்தான் இறக்க வேண்டும். மண்டையோட்டில் ஓட்டை போட்டது கீழ்த்தாடையின் சின்னப் பற்கள். அநேகமாக, இழுத்துக்கொண்டு போகும்போது.

இப்போது எங்களுக்குள் தகராறு. தலைவர் (அருங்காட்சியகத் தலைவரைச் சொல்கிறேன், நல்ல மனிதர், தொப்பையைத் தடவிக்கொண்டேதான் யோசிப்பார்) அந்தக் காட்சியையே வைக்க வேண்டும் என்கிறார். கீழே ஒரு பெண், மேலே மாப்பிள்ளை, நிறையச் சிவப்புச் சாயம். "ஜனங்க அதைத்தாம்மா பாக்க வருவாங்க."

ஆனால் அதே குகையின் வாசலில் இன்னொன்றும் கிடைத்திருக்கிறது. கைக்கு அடக்கமான உருண்டைக் கற்கள், ஒரு குவியல். ஆற்றுக் கற்கள். ஆறோ தூரத்தில். யாரோ சுமந்து வந்திருக்கிறார்கள். எதற்கு என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்கிறார் எலும்பம்மா. எறிவதற்கு என்று நான் நினைக்கிறேன். மண்டையோடு ஒருவர் எப்படிச் செத்தார் என்று சொல்கிறது. அதுவரை எப்படிப் பிழைத்தார் என்று கற்கள் சொல்கின்றன. எனக்கு இரண்டாவதைச் செய்ய ஆசை. ஒரு பெண், கையில் கல், எதிரே மாப்பிள்ளை.

பயத்தில் நமக்கு மயிர்க்கூச்செறிகிறதே, அது ஏன் தெரியுமா? உடம்பு முழுக்க ரோமம் இருந்த காலத்தில் அதைச் சிலிர்த்துக்கொண்டால் பெரிய உருவமாகத் தெரிவோமாம். ரோமம் போய்விட்டது, பழக்கம் போகவில்லை. இதைப் படித்தபோது எனக்கு அந்த விளையாட்டு மைதானம் ஞாபகம் வந்தது. உனக்கும் வரும்.

உன் தங்கை


மார்ச் 5

அன்புள்ள உம்மணாமூஞ்சிக்கு,

சுகம். உனக்குச் சளி இல்லையே?

மைதானம் ஞாபகம் இல்லாமலா? விடுமுறை நாள். ஓட்டப்பந்தயத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட அம்மா நம் இருவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். வேலிச் சந்து வழியாக நாய்க் கூட்டம் வந்தது. நான் ஓடத் திரும்பினேன். "ஓடாதே! என் பின்னாடி வா!" என்று அம்மா போட்ட சத்தத்தில் நாய்களோடு நானும் நின்றுவிட்டேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ராட்சசி மாதிரி நின்றாள். முன்னால் வந்த கறுப்பு நாய்மேல் இடது செருப்பைக் கழற்றி எறிந்தாள் பார், அதன் மூக்கிலேயே! நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், நீதான் பிறகு சொன்னாய். நீ கீழே உட்கார்ந்து அவள் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாய். பார்த்துவிட்டு வழக்கம்போல் வாயைத் திறக்கவில்லை.

அம்மா அன்று ஒரு துளிகூடப் பயப்படவில்லை, இல்லையா? எனக்கு அதுதான் இன்றுவரை ஆச்சரியம்.

இன்னொன்று. இனிமேல் வீட்டு முகவரிக்கே எழுது. கடையில் மருந்துப் பெட்டிகளோடு கலந்துவிடுகிறது. போன கடிதத்தை வீட்டில் எங்கேயோ வைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து உப்பு ஜாடிக்கு அடியில் இருந்தது. எப்படிப் போனது என்று தெரியவில்லை. மூன்றாம் பக்கத்தில் தேநீர்க் கோப்பை வைத்த வட்டம். நான் தேநீர் குடிப்பதில்லை. அத்தானுக்கு மூன்றாம் பக்கம்வரை எதையும் படிக்கிற பொறுமை இல்லை.

நேற்று சுவரைப் பார்த்து ஒரு கேள்வி வந்தது: "அந்தக் கல்லு என்ன எடை இருக்கும்?" பொதுவாகத்தான்.

உன் அக்கா


மார்ச் 25

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம். மனசு அவ்வளவு நலமில்லை.

தலைவர் ஒருவழியாக என் காட்சிக்குச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை. பார்க்கிறவருக்கு, இந்தப் பெண் அந்த மிருகத்தை விரட்டிவிடுவாள் என்று நம்பிக்கை வர வேண்டும். வராவிட்டால் சிவப்புச் சாயம்தான். மாதிரி உருவத்தைக் களிமண்ணில் முழு அளவில் செய்தேன். தலை இன்னும் செய்யவில்லை, ஒரு உருண்டை மட்டும் வைத்திருக்கிறேன். நேற்று குழுவினர் வந்து பார்த்தார்கள். சுற்றிச் சுற்றி வந்தார்கள். கடைசியில் தலைவர் தொப்பையிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"இவ மாப்பிள்ளையை வெரட்டலம்மா. பஸ்ஸை நிறுத்தறா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏனென்றால் அது உண்மை. கை தூக்கியிருக்கிறது, கல் இருக்கிறது, வாள்பல் இருக்கிறது, ஆனால் அவள் எங்கேயோ வேலைக்குப் போக நேரமாகிவிட்ட பெண் மாதிரி இருக்கிறாள். எங்கே தப்பு என்று எனக்குத் தெரியவில்லை. எலும்புகள் சரி, தசைகள் சரி, அளவுகள் சரி. வெல்டர் அண்ணனைக் கல்லெறிகிற மாதிரி நிற்கச் சொன்னேன். அவர் சினிமாவில் வருகிற மாதிரி நின்றார். எலும்பம்மா வாழ்க்கையில் எதையும் எறிந்ததில்லையாம்.

ஏப்ரல் கடைசிவரை அவகாசம். இதோடு படம் வைத்திருக்கிறேன். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது. சிவப்புச் சாயம் பூசிய காட்சிக்கு அம்மாவை அழைக்க எனக்கு விருப்பமில்லை.

அத்தானை முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்.

உன் தங்கை


மார்ச் 28

அன்புள்ள தங்கைக்கு,

அனைவரும் நலம், நலமறிய ஆவல், அதெல்லாம் பிறகு. விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் வந்த அன்றே உட்கார்ந்து எழுதுகிறேன்.

கால் தப்பு. வலது கையில் கல்லை வைத்துக்கொண்டு வலது காலை முன்னால் வைத்தால் கல் அவள் மூக்குக்கு முன்னாலேயே விழும். முதல் வகுப்புப் பிள்ளைகள்கூட இப்படி எறியாது (எறியும், ஆனால் திட்டு வாங்கும்). இடது கால் முன்னால். பாதம் முழுக்கத் தரையில், விரல்கள் தளர்வாக. உடம்பின் எடை பின்னால், வலது காலில். இடது கையைத் தொங்கவிடாதே, அதை மிருகத்தை நோக்கி நீட்டு, குறி பார்ப்பது அந்தக் கைதான். முதலில் இடுப்பு திரும்பும், பிறகு தோள், பிறகு முழங்கை, கை கடைசி. ஆகவே கல் தலைக்கு மேலே இருக்கக் கூடாது, காதுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தலைக்கு மேலே தூக்கினால் பஸ் நிற்கும். முகவாய் நிமிரட்டும். கூன் கூடாது. கூன் போட்டு நிற்கிறவளை எந்த மிருகமும் மதிக்காது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. மருந்துக்கடைக்குப் பலதரப்பட்ட வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். அவர்களில் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன். காட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, மேஜையில் கிடந்தது. அந்த வாடிக்கையாளர் படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ ஐயோ, இது என்ன நிலை" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு துடைப்பத்தை மாப்பிள்ளையாக எதிரே சாத்தி வைத்து, வரவேற்பறையில் இடம் பண்ணச் சொல்லி, ஏழெட்டு முறை எறிந்து காட்டினார். கையில் கல்லுக்குப் பதில் உருளைக்கிழங்கு. ஒரு முறை கை நழுவிவிட்டது. அத்தானுக்கு இப்போது முதுகோடு தோளும் வலிக்கிறது.

உன் அக்கா


ஏப்ரல் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நான் மிக மிக நலம். அத்தானின் தோளுக்கு என் அனுதாபங்கள்.

வாடிக்கையாளர் சொன்னபடியே செய்தேன். வெல்டர் அண்ணன் உள்கம்பியை வெட்டி, இடுப்பில் திருப்பி, மறுபடி ஒட்டினார். "உங்க அக்கா கடையில எறிபந்து வீராங்கனைங்கதான் மருந்து வாங்குவாங்களா?" என்றார். முந்தாநாள் குழு வந்தது. மாப்பிள்ளையை எதிரே நகர்த்தி வைத்தோம். தலைவர் விறுவிறுவென்று வந்தவர், அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவில் வந்ததும் தன்னையறியாமல் ஓரமாக ஒதுங்கினார். அக்கா, அவர் மாப்பிள்ளைக்குப் பயந்து ஒதுங்கவில்லை. கல்லுக்குப் பயந்து ஒதுங்கினார். களிமண் கல். "சரிம்மா, செவப்புச் சாயம் வேண்டாம்" என்றார்.

அந்த வாடிக்கையாளருக்கு என் நன்றியைச் சொல். மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன் என்று சொல். ஜூலை பத்தாம் தேதி அரங்கம் திறக்கிறார்கள், அவருக்கு நேரமிருந்தால் வரலாம் என்றும் சொல். உருளைக்கிழங்கு கொண்டுவர வேண்டியதில்லை.

ஒன்றில் மட்டும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. இடது கால் விரல்கள் தளர்வாக இருக்கட்டும் என்றார். நான் மடக்கி வைத்திருக்கிறேன், மண்ணைக் கவ்விப் பிடிக்கிற மாதிரி. அந்த ஐந்து விரல்களுக்கு மட்டும் ஒரு வாரம் ஆயிற்று. வெல்டர் அண்ணன் கேலி செய்கிறார், "யாரு குனிஞ்சு அதைப் பாக்கப் போறா?" என்று. காரணம் கேட்காதே.

முகத்தைத் தொடங்கிவிட்டேன். வேலை முடிகிறவரை மேலே ஈரத்துணி போட்டிருக்கிறேன்.

உன் தங்கை


மே 8

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சுகம். இங்கே வெயில் கடுமை, அங்கே எப்படி? தண்ணீர் நிறையக் குடி.

நன்றியைச் சொன்னேன். வாடிக்கையாளர், "எனக்கு எதுக்கு நன்றி, காலைச் சரியா வெச்சாளா இல்லையா?" என்றார். விரல் விஷயத்தைக் கேட்டதும் மூக்கு சிவந்துவிட்டது. "விரலை மடக்கினா எப்படி அழுத்தம் வரும்? சொன்னதைக் கேக்கற வழக்கமே கெடையாது" என்று ஜன்னலிடம் சொன்னார்.

அவருடைய அடுத்த கேள்வி: முதல் கல்லை எறிந்ததும் இரண்டாவது கல்லை யார் எடுத்துக் கொடுப்பது? அவள் குனிந்தால் அந்தக் கணமே மிருகம் பாய்ந்துவிடும். பின்னால் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்கிறார். தனியாக நிற்கிறவள் ஓடிவிடுவாள், பின்னால் ஆள் இருந்தால்தான் நிற்பாள் என்றும் சொன்னார். சொல்லிவிட்டு உடனே அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

முகத்தின் படம் கேட்கிறார். "எப்படிப்பட்ட மூஞ்சி வெச்சிருக்கா?" என்று மூன்று முறை ஆயிற்று. எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. நான் கேட்கவில்லை, நீ சொல்லவும் வேண்டாம்.

உன் அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தண்ணீர் குடிக்கிறேன். நீயும் கடையில் உட்கார்ந்தே இருக்காதே, இடையிடையே நட.

இரண்டு பேரைச் செய்துவிட்டேன். இரண்டும் சிறுமிகள். பெரியவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு கல்லை நீட்டுகிறாள். சின்னவள் தரையில் உட்கார்ந்து கல்லெறிபவளின் காலைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். எலும்பம்மா பார்த்துவிட்டு, "அறிவியல்படி இதுக்கு ஆதாரம் கெடையாது. ஆனா மறுக்கவும் ஆதாரம் கெடையாது" என்று கையெழுத்துப் போட்டார்.

முகம் முடிந்தது. படம் சரியாக விழவில்லை, அதனால் அனுப்பவில்லை. தடித்த புருவமேடு, சரிந்த நெற்றி, பெரிய தாடை, எல்லாம் எலும்பு சொன்னபடிதான். மற்றபடி சாதாரண முகம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை வந்து படமெடுத்துக்கொண்டு போயிருக்கிறது. சின்னதாக உள்பக்கத்தில் போடுவார்கள். நீங்கள் வாங்குகிற பத்திரிகை இல்லை என்று நினைக்கிறேன்.

உன் தங்கை


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமா? வீட்டில் எல்லோரும் நலமா? ஏன் பதில் இல்லை?

அந்தப் பத்திரிகை வந்து இரண்டு ஞாயிறு ஆகிவிட்டது. சின்னதாக இல்லை, அரைப்பக்கம். உள்பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்தில். முகம் மிகத் தெளிவாக விழுந்திருக்கிறது. அடியில் கொட்டை எழுத்தில் "ஆதிகாலத்து ராட்சசி" என்று போட்டிருக்கிறார்கள். அதை நான் சொல்லவில்லை, அக்கா. அவர்களாகவே போட்டார்கள்.

போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. வாடிக்கையாளர் எப்படி இருக்கிறார்?

உன் தங்கை


ஜூன் 27

சின்னவளுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை. பத்திரிகைப் படத்தில் பொம்மைக்குப் பக்கத்தில் நிற்கிறாய், பொம்மையைவிட ஒல்லியாக. கூன் வேறு.

உன் அக்காவைப் பதில் எழுத வேண்டாம் என்று சொன்னது நான்தான். நானே எழுதுகிறேன் என்றேன். எழுதிப் பார்த்தேன், கிழித்தேன். எனக்கு விசில் ஊதத்தான் வரும், எழுத வராது. அவள் என்னை வாடிக்கையாளர் என்று எழுதிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நான் உன் கடிதங்களைப் படிப்பது அவளுக்குத் தெரியாது என்று முதலில் நானும் நினைத்தேன். எல்லாம் உப்பு ஜாடிக்கு அடியில்தான் இருக்கின்றன.

படத்தைக் கீழ்வீட்டுக்காரர்தான் முதலில் கொண்டுவந்து காட்டினார். சிரித்தார். நான் பார்த்த பார்வையில் சிரிப்பை நிறுத்திவிட்டார். "அப்படியே படத்துல இருக்கறது போலவே பாக்கறீங்க" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கி ஓடினார்.

புருவமேடு எனக்கு இல்லை. மூக்கு அவ்வளவு சப்பை இல்லை. மற்றது எல்லாம் என்னுடையதுதான். கோபம் வந்தது. யாரைக் கேட்டு வைத்தாய்? பிறகு தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தேன். கையும் தோளும் இடுப்பும் அப்பழுக்கில்லை. என் மாணவிகளில் ஒருத்திகூட இவ்வளவு சரியாக நின்றதில்லை.

ஆனால் ஒரு தப்பு இருக்கிறது. இவள் பயப்படவில்லை. அன்றைக்கு நான் பயந்தேன். முழங்கால் இரண்டும் தந்தியடித்தன. விளையாட்டு உடுப்பு தொளதொளவென்று இருந்ததால் நீங்கள் பார்க்கவில்லை. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் அக்கா ஊரெல்லாம் என் வீரத்தைச் சொல்லிக்கொண்டு திரிகிறாள், அவளிடம் இதைச் சொல்லாதே.

நீ பள்ளிக்கூடத்தை விட்டுப் போனதில் எனக்கு இன்னும் கோபம்தான். அது அப்படியே இருக்கட்டும். கோபத்தோடும் ரயிலேறலாம். ஜூலை பத்து காலை வருகிறேன். தனியாக. உன் அத்தானுக்கு முதுகு, அக்காவுக்குக் கடை.

விரல்கள் படத்தில் சரியாகத் தெரியவில்லை. நேரில் பார்த்துச் சொல்கிறேன்.

அம்மா


ஜூலை 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அம்மாவும் நலம், என் கட்டிலில் தூங்குகிறாள். நான் தரையில். இன்னும் ஒரு வாரம் இருப்பாளாம். என் சமையலறையைப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு அது. அத்தானைக் காய்கறிப் பை தூக்கச் சொல், இல்லாவிட்டால் அவளை அங்கே அனுப்பிவைப்பேன் என்று சொல்.

ரயில் நிலையத்தில் இறங்கியதும் அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "தோளை நிமித்து." நிமிர்த்தினேன். பெட்டியை என் கையில் கொடுத்தாள். அவ்வளவுதான், அக்கா. ஆறு மாதம் அதோடு முடிந்தது.

அரங்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நெரிசல். ஆளாளுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒரு நிமிடம் பொறுத்தாள். பிறகு, "வரிசை!" என்றாள். பிள்ளைகள் நின்றன. அவர்களுடைய ஆசிரியர்கள் நின்றார்கள். தலைவரும் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றார். ஒரு சிறுமி அம்மாவையும் பொம்மையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தன் தோழியின் காதில் ஏதோ சொன்னாள். இருவரும் அதற்குப் பிறகு மூச்சுவிடவில்லை.

மாப்பிள்ளையை அம்மா ஒரு சுற்றுச் சுற்றிவந்து பார்த்தாள். "பரவாயில்ல, பல்லு நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு கல்லெறிபவளுக்கு எதிரே போய் நின்றாள். நான் தள்ளி நின்றேன். கல், கை, தோள், இடுப்பு என்று மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு கல்லை நீட்டும் பெரியவளைப் பார்த்துச் சிரித்தாள். அது யார் என்று உனக்குத் தெரியும். பிறகு காலைக் கட்டிக்கொண்டிருக்கும் சின்னவளைப் பார்த்தாள். அந்தக் குழந்தை மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. குனிந்து, தன் கைக்குப் பக்கத்திலிருக்கிற இடது காலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. செருப்பில்லாத கால். ஐந்து விரல்களும் மண்ணைக் கவ்விக்கொண்டு நிற்கின்றன. எவ்வளவு பயந்தால் அப்படிக் கவ்வ முடியுமோ, அவ்வளவு.

அம்மாவின் கண் அந்த விரல்களிலேயே நின்றுவிட்டது.

"எப்ப பாத்தே இதை?" என்றாள்.

"அப்பவே. நான் அவ்வளவு ஒசரந்தானேம்மா இருந்தேன்."

"அப்ப நான் பயந்தது ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இத்தனை வருஷமா ஒரு வார்த்தை சொல்லல?"

"நீயும் சொல்லலையே."

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கயிற்றுத் தடுப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைந்து, முழங்கால் மடக்கிக் குனிந்து, ஒரு விரலால் அந்தப் பெருவிரலைத் தொட்டாள். காவலாளி பதறிப்போய் ஓடிவந்தார்.

"அம்மா! அம்மா! பொருளையெல்லாம் தொடக் கூடாதும்மா!"

அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என் காலை நான் தொடறேன். ஒங்களுக்கு என்ன?"

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

உன் தங்கை